பரிசிலும் சாட்சியமும்: பாடசாலைச் செய்தியெழுத்துப் போட்டிகள் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

செய்தி எழுதியமைக்காக ஒரு மாணவனுக்குப் பரிசில் வழங்குதல் தகுமா என்பது முதற் பார்வையில் ஒரு வினாவாகவே தோன்றாது. கட்டுரைக்கும் கவிதைக்கும் பேச்சுக்கும் பரிசில் வழங்கும் நாம் செய்திக்கு மட்டும் ஏன் தயங்குதல் வேண்டும் என்று எவரும் கேட்கலாம். ஆயின், சற்று ஆழ்ந்து நோக்குமிடத்து இவற்றிடையே அடிப்படையான வேறுபாடொன்று புலனாகும். கவிதையின் சிறப்பும் குறையும் பெரும்பாலும் கவிதைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன. நடுவர் அதனைப் படித்த மாத்திரத்தில், தீர்ப்புக்கு வேண்டியவை யாவும் அவர் கண்முன் வந்துவிடுகின்றன. செய்தியின் நிலை இதுவன்று. அதன் பெறுமதியிற் பாதி தாளுக்கு வெளியே, அது கூறும் கிணற்றடியிலோ கடற்கரையிலோ வைத்தியசாலை வாயிலிலோ இருக்கின்றது. மேசையின் முன் அமர்ந்திருக்கும் நடுவர் காண்பது மற்றைப் பாதியை மட்டுமே. காணாத பாதிக்குப் புள்ளி வழங்குவது எங்ஙனம்? புள்ளி வழங்காது விடின், அப்பாதி தேவையற்றது என்றல்லவா மாணவன் கற்றுக்கொள்வான்? இவ்விரு வினாக்களையும் திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தை மையமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருகோணமலையைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. இத்துறைமுகம் எல்லாராலும் பார்க்கப்படுவது. ஆயின் மிகச் சிலராலேயே அறியப்படுவது. கோணேசர் மலையில் ஏறி நிற்கும் ஒருவனுக்குக் கடலும் குடாவும் கப்பல்களும் தெரிகின்றன. அக்கப்பல்கள் எதற்காக வந்தன, எதனை ஏற்றிச் செல்கின்றன என்பது அவனுக்குத் தெரிவதில்லை. பிரித்தானியர் சீனக்குடாவில் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் இரண்டாம் உலக யுத்தத்தைக் கண்டவை. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்நகரைத் தாக்கின. 1957ஆம் ஆண்டிற் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். தளத்தின் சொந்தக்காரர் மாறினர், வேலி மாறவில்லை. தலைமுறை தலைமுறையாக வேலிக்கு வெளியே நின்று உள்ளே நடப்பதை ஊகிக்கும் பழக்கம் இந்நகரத்தார்க்கு உண்டு. ஊகம் மிகுந்த இடத்தில் வதந்தி எளிதிற் செழிக்கும். அதனோடு, தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஏறத்தாழ ஒப்பத்தக்க தொகையினராய் வாழும் மாவட்டம் இது. காலையில் நடந்த ஒரு சம்பவம் மாலைக்குள் இரு மொழிகளில் இரு வேறு சம்பவங்களாகிவிடுவதை இங்கு வாழ்ந்தோர் அறிவர். இத்தகைய ஊரில் ஒரு மாணவனுக்குச் செய்தி எழுதக் கற்பித்தல் மொழிப்பயிற்சியாக மட்டும் இருத்தல் இயலாது.

இந்நாட்டிற் பாடசாலைப் போட்டிகளுக்கென ஒரு மரபு உருவாகியுள்ளது. கல்வி அமைச்சின் அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகள் பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் எனப் படிப்படியாக உயர்ந்து செல்வன. கட்டுரையும் கவிதையும் சிறுகதையும் பேச்சும் அவற்றில் இடம்பெறுகின்றன. தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் இன்று பாடசாலைப் பாடமாகவும் உள்ளது. பாடசாலைகளில் ஊடகக் கழகங்களும் இயங்குகின்றன. செய்தியெழுத்துப் போட்டியை நடத்தப் புகுவோர் இயல்பாகவே கட்டுரைப் போட்டியின் வடிவத்தைக் கைக்கொள்கின்றனர். தலைப்பு, கால எல்லை, எழுதுதாள், புள்ளித்திட்டம், மூன்று பரிசில்கள் என்ற அந்த வடிவம் நமக்குப் பழகியது, நடத்துவதற்கும் எளியது. அவ்வடிவம் செய்திக்குப் பொருந்துமா என்று நின்று நோக்குவார் அரியர். இக்கட்டுரையாளரும் நெடுங்காலம் அவ்வாறு நோக்கியவரல்லர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இம்மாவட்டத்து மாணவர்க்கென நடத்தப்பட்ட பிரதேச மட்டப் போட்டியொன்றில் இக்கட்டுரையாளர் நடுவருள் ஒருவராக அமர நேர்ந்தது. ஊரின் குடிநீர் பற்றி ஒரு செய்திக் கட்டுரை எழுதுதல் வேண்டும். ஒரு வாரம் அவகாசம். வந்தவற்றுள் இரண்டு ஆக்கங்கள் இன்றும் நினைவில் நிற்கின்றன. ஒன்று மாணவி ஒருத்தியினுடையது. அழகிய தொடக்கம், ஆற்றொழுக்கான நடை, குடம் சுமக்கும் தாய்மாரின் துயரத்தை உருக்கமாகக் கூறும் பகுதி, அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள் என யாவும் ஒழுங்காக அமைந்திருந்தன. மற்றையது கொட்டியாரக் குடாவின் தென்கரைக் கிராமமொன்றைச் சேர்ந்த மாணவனுடையது. எழுத்துப் பிழைகள் மலிந்தது. தொடக்கமென்று சொல்லத்தக்க ஒன்று அதில் இல்லை. எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கத் தொடங்குகின்றது, எந்த வீட்டார் அதனைக் கூறினர், எவ்விரு வீட்டார் பேச மறுத்தனர் என்பனவற்றை அவன் வரிசையாக எழுதியிருந்தான். பிரதேச சபை அலுவலகத்துக்கு இருமுறை சென்றதாகவும், உரிய அலுவலரைக் காண முடியவில்லை என்றும் குறித்து, 'ஆகவே அவர்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாது' என்று முடித்திருந்தான்.

முதற் பரிசில் மாணவிக்குச் சென்றது. மாணவனுக்கு எப்பரிசிலும் கிட்டவில்லை. அவனுடைய இறுதி வாக்கியத்தின் அருகே 'முடிவு பலவீனம்' என்று பென்சிலாற் குறித்தவர் இக்கட்டுரையாளரே. பரிசளிப்பு முடிந்து தேநீர் அருந்தும் வேளையில், எந்தக் கிணற்றைப் பார்த்து எழுதினாய் என்று அம்மாணவியிடம் வினவியபோது, தான் எங்கும் செல்லவில்லை என்றும், முன்னைய ஆண்டின் மாதிரிக் கட்டுரையொன்றைப் பார்த்து ஊர்ப்பெயரை மாற்றி எழுதியதாகவும் அவள் எவ்விதக் கூச்சமுமின்றிக் கூறினாள். அவளிடம் வஞ்சகம் இருக்கவில்லை. மொழிநடை, அமைப்பு, கருத்துவளம், எழுத்துத் தூய்மை என நான்கு தலைப்புகள் எங்கள் புள்ளித்தாளில் இருந்தன. உண்மை என்றொரு தலைப்பு இருக்கவில்லை. நாங்கள் கேளாத ஒன்றை அவள் தராமல் விட்டாள். கேளாதிருந்த பிழை எங்களுடையது.

இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய குறைபாடன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திற் பாடசாலை மாணவர்க்கான பத்திரிகையெழுத்துப் போட்டிகள் நெடுங்காலமாகப் பிரதேசம், மாநிலம் என்னும் மட்டங்களில் மிகுந்த ஒழுங்குடன் நடைபெற்று வருகின்றன. அங்குச் செய்தியெழுத்துப் போட்டியில் மாணவர் ஒவ்வொருவரிடமும் ஒரு தகவற்றாள் கொடுக்கப்படும். நடந்தது என்ன, யார் என்ன கூறினர் என்பன அதில் அடங்கியிருக்கும். 45 நிமிடங்களுள் மாணவன் அவற்றுள் முதன்மையானதைத் தெரிந்து, முறைப்படுத்தி, செய்தியாக வடித்தல் வேண்டும். தொழிற்பயிற்சி என்ற வகையில் இதன் பயனை மறுத்தற்கில்லை. எல்லார்க்கும் ஒரே தகவல் வழங்கப்படுவதால் நடுநிலையும் பேணப்படுகின்றது. ஆயினும், தகவலைத் தேடுதல், ஐயுறுதல், ஒப்புநோக்குதல் என்னும் செயல்கள் அனைத்தும் போட்டி தொடங்குமுன்னரே வேறொருவராற் செய்து முடிக்கப்பட்டுவிட்டன. தாளில் உள்ளவை உண்மையென மாணவன் நம்பியே ஆகவேண்டும். நம்பாமற் கேள்வி எழுப்புவதற்குப் புள்ளி இல்லை. செய்தியாளனின் அறம் எங்குப் பிறக்கின்றதோ அவ்விடத்தை விட்டுவிட்டு, அதன் பின்னர் வரும் கைத்திறனை மட்டும் அளக்கும் முறை இது.

அவ்வாறாயின் போட்டியையே கைவிட்டுவிடலாமா? ஈண்டு அலஸ்டெயர் மக்கின்டயர் என்ற மெய்யியலாளர் 1981இல் வெளிவந்த தமது அறவியல் நூலிற் காட்டும் ஓர் எடுத்துக்காட்டு மனங்கொள்ளத்தக்கது. ஒரு சிறுவனுக்குச் சதுரங்கம் கற்பிக்க விரும்பும் ஒருவர், விளையாட வந்தால் இனிப்பு வாங்கக் காசு தருவதாகவும், வென்றால் மேலும் தருவதாகவும் கூறுகின்றார். இனிப்புக்காகவே சிறுவன் ஆடும்வரை, அவன் ஏமாற்றாதிருப்பதற்குக் காரணம் எதுவுமில்லை. ஏமாற்றுவதற்கே எல்லாக் காரணமும் உண்டு. ஆயின், ஒருநாள் அவ்விளையாட்டுக்கே உரிய இன்பம், கூர்மையாகச் சிந்திப்பதன் இன்பம், அவனுக்குப் புலப்படுமாயின், அதன்பின் ஏமாற்றி வென்றால் அவன் தோற்கடிப்பது தன்னையே என்பதை உணர்வான். இனிப்பு வாயிலாகலாம், வீடாகலாகாது என்பது இதனாற் பெறப்படும். பரிசிலும் அத்தகையதே. எழுத வருமாறு மாணவனை அழைக்கும் தகுதி பரிசிலுக்கு உண்டு. அவன் வந்து சேரும் இடத்தில் உண்மையைத் தேடும் தொழிலின் இன்பம் அவனுக்குக் கிடைக்கின்றதா, அன்றி இனிப்பு மட்டும் கிடைக்கின்றதா என்பதே வினா. குடிநீர்ப் போட்டியில் அம்மாணவி வென்றாள். ஆயினும் ஒரு கிணற்றையும் அவள் கண்டிலள். அவளுக்கு நாம் இனிப்பைக் கொடுத்துச் சதுரங்கப் பலகையை மறைத்துவிட்டோம்.

உண்மையுடைமை என்பது தனியொரு குணமன்று, இரு குணங்களின் சேர்க்கை என்று பேர்ணாட் வில்லியம்ஸ் 2002இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். நம்புவதை நம்பியவாறே சொல்லுதல் ஒன்று. நாம் நம்புவது சரியானதாய் இருக்கும்படி முயற்சி செய்தல் மற்றொன்று. முன்னையதை நேர்மை எனலாம்; பின்னையதைத் துல்லியம் எனலாம். நமது பாடசாலைகள் நேர்மையை ஓரளவு போதிக்கின்றன. பொய் சொல்லாதே என்பது பாலர் வகுப்பிலேயே கற்பிக்கப்படுவது. துல்லியம் என்பதும் ஓர் அறமே என்பதை, நடந்து சென்று பார்த்தலும் இரண்டாம் முறை கேட்டலும் ஒழுக்கத்தின்பாற் பட்டவை என்பதை, நாம் போதிப்பதில்லை. அதனை அறிவுத்திறனாகவோ தொழில் நுணுக்கமாகவோ கருதி ஒதுக்கிவிடுகின்றோம். வதந்தியை நம்பிப் பரப்புபவன் பெரும்பாலும் நேர்மையானவனே. அவன் கூறுவதை அவன் மெய்யாகவே நம்புகின்றான். அவனிடம் இல்லாதது துல்லியம் என்ற அறமாகும்.

இவ்வறம் தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் முழுவதும் ஆராயப்படாத ஒரு செய்தியின் விளைவு எனக் கூறினும் இழுக்காகாது. பொற்கொல்லன் ஒரு தகவலைக் கொண்டுவருகின்றான். அரசியின் ஊடலைத் தணிக்கும் அவசரத்திலிருந்த பாண்டியன் அதனை இரண்டாம் வாயிற் கேட்டறியாது ஆணையிடுகின்றான். பாண்டியன் பொய்யனல்லன், கொடியவனுமல்லன். தன் பிழையை உணர்ந்த கணத்தில் உயிர் நீத்தவன் அவன். அவனிடம் குறைந்தது விசாரணை ஒன்றே. அக்குறையை வெளிப்படுத்தக் கண்ணகி சொல்வன்மையை மட்டும் நம்பி வந்தாளல்லள். கையிற் சிலம்பொன்றைக் கொண்டுவந்தாள். உடைத்துக் காட்டினாள். உள்ளிருந்தவை முத்துக்களல்ல, மாணிக்கங்கள் என்பதை அவையே கண்டது. அழுகையும் சீற்றமும் அவளிடம் இருந்தன. வழக்கை வென்றது சான்று.

திருகோணமலையில் இச்சிலம்பை ஒத்த சான்றொன்றை ஏந்தி நின்ற செய்தியாளர் ஒருவர் நம் காலத்திலேயே வாழ்ந்தார். 2006ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி மாலை, நகரின் கடற்கரையில், காந்தி சிலைக்கு அண்மையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் தாம் கொண்டுவந்த குண்டு வெடித்தமையால் இறந்தனர் என்று படைத்தரப்புக் கூறிற்று. சுடர் ஒளி நாளிதழின் பிரதேச நிருபராக இருந்த சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அம்மாணவரின் உடல்களைப் படமெடுத்தார். படங்கள் இதழில் வெளிவந்தன. உடல்களிற் காணப்பட்டவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதை அவை காட்டின. மருத்துவப் பரிசோதனையும் அதனையே உறுதிசெய்தது. அம்மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குச் செல்வதற்காகப் பேருந்துக்குக் காத்து நின்றவேளை, சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை தொடர்பாக 2013இற் கைதுசெய்யப்பட்ட பதின்மூவரும், போதிய சாட்சியம் இல்லை என்ற காரணத்தால், 2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். சுகிர்தராஜனின் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

அவர் தலைநகரத்துப் பேராசிரியரல்லர், பெயர்பெற்ற ஆசிரியருமல்லர். பகுதிநேரமாகச் செய்தி அனுப்பிய ஒரு பிரதேச நிருபர். நமது பாடசாலைப் போட்டிகள் எத்தகைய செய்தியாளரை உருவாக்க முனைகின்றனவோ, அத்தகைய செய்தியாளருக்கு இம்மாவட்டத்திற் கிடைக்கும் முதல் முன்மாதிரி அவரே. அவர் ஆற்றிய பணியில் அலங்காரம் எதுவுமில்லை. சென்றார், பார்த்தார், பதிவு செய்தார். அப்பதிவுக்கு எமது புள்ளித்தாளில் மொழிநடைக்கென ஒரு புள்ளியும் கிடைத்திராது. அது இல்லாதிருந்தாலோ ஐந்து இளைஞர் தம் மரணத்துக்குத் தாமே பொறுப்பானவர் என்ற கூற்று ஊராரின் கைக்கு எட்டிய ஒரே கூற்றாக நிலைத்திருக்கவும் கூடும். 'போதிய சாட்சியம் இல்லை' என்னும் தொடரை நீதிமன்றத் தொடராக மட்டும் நாம் படிக்கின்றோம். ஓர் ஊர் தன் சாட்சிகளை எவ்வாறு வளர்க்கின்றது, எவ்வாறு இழக்கின்றது என்பதன் வரலாறும் அத்தொடருள் அடங்கியுள்ளது.

இவ்விடத்தில் வலுவான தடையொன்று எழும். உண்மையைத் தேடிச் சென்ற வளர்ந்தவர் ஒருவர் கொல்லப்பட்ட ஊரில், பதினைந்து வயதுச் சிறுவனை அவ்வழியிற் செலுத்துதல் அறமாகுமா? பரிசிலைக் காட்டி ஆபத்தின் பக்கம் அழைப்பது இனிப்பைக் காட்டிக் குழந்தையைக் கிணற்றடிக்கு அழைப்பதை ஒக்காதா? இத்தடையைக் கோழைத்தனம் எனத் தள்ளுதல் பொருந்தாது. பிள்ளைகளை இழந்த ஊரின் குரல் இது. பெற்றோர் ஒருவர், 'என் மகன் எழுத வேண்டாம், உயிரோடு இருந்தாற் போதும்' என்பாராயின், அவருக்கு மறுமொழி கூறும் தகுதி மேசையிலிருந்து எழுதும் எவர்க்கும் எளிதில் வாய்க்காது. துணிவு என்பது ஒருவன் தானாகத் தெரிந்து ஏற்கவேண்டிய அறம். பிறர் மீது, அதிலும் சிறுவர் மீது, அதனைச் சுமத்துதல் அறமாகாது. ஆகவே துணிவுக்குப் பரிசில் வழங்கும் போட்டி வேண்டுவதில்லை. அபாயமான பொருளை எடுத்தமைக்காக மேலதிகப் புள்ளி பெறும் மாணவன் அடுத்தமுறை அதனினும் அபாயமானதைத் தேடுவான்.

ஆயினும் இத்தடை நிறுவுவது துணிவுக்கு எதிரான முடிபை மட்டுமே. துல்லியத்துக்கு எதிராக அது எதனையும் நிறுவவில்லை. கிணற்று நீர் எம்மாதத்தில் உவர்க்கின்றது, கிண்ணியாவிலிருந்து வரும் பேருந்து எத்தனை மணிக்கு வருகின்றது, பாடசாலை நூலகம் எத்தனை நாட்கள் திறந்திருக்கின்றது என்பனவற்றைத் துல்லியமாக எழுதுவதில் உயிருக்கு ஆபத்தில்லை. அரிஸ்டோட்டில் கூறியவாறு, வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கட்டடக் கலைஞனாகின்றான். நீதியானவற்றைச் செய்து செய்தே நீதிமானாகின்றான். சிறியவற்றிற் சரிபார்க்கப் பழகாதவன் பெரியதொன்று நேரும் நாளில் திடீரெனச் சாட்சியாக மாறுவதில்லை. மேலும், துல்லியம் ஆபத்தைக் குறைப்பதற்கும் உதவும். கேட்டதைப் பார்த்ததாக எழுதாதவன், தெரியாததைத் தெரியாது என எழுதுபவன், பிறர் பெயரை வெளியிடுமுன் அவர் சம்மதத்தைப் பெறுபவன் எவரையும் வீணே ஆபத்துக்கு உள்ளாக்குவதில்லை. வாய்மை என்பதைத் திருவள்ளுவர் பிறர்க்குத் தீங்கு தராத சொல்லுடன் தொடர்புபடுத்தினமை ஈண்டுக் கருதத்தக்கது. அது உண்மையை மறைப்பதற்குக் கொடுத்த அனுமதியென்று சிலர் கொள்வர். சொல்வோன் தன் சொல்லால் விளைவதற்கும் பொறுப்பானவன் என்ற நினைவூட்டலாக அதனைக் கொள்வதே பொருந்தும்.

மற்றொரு கடப்பாடும் இம்மாவட்டத்து இளஞ் செய்தியாளருக்கு உண்டு. அதே 2006ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி நகரச் சந்தையிற் குண்டு வெடித்தது. தொடர்ந்து எழுந்த வன்முறையில் மேலும் உயிர்களும் உடைமைகளும் அழிந்தன. ஓகஸ்ட் மாதத்தில் மூதூர் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாக ஊரைவிட்டு வெளியேறினர். அங்கே பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டனர். சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்து பல்லாண்டுகள் ஊர் திரும்ப இயலாதிருந்தனர். ஒவ்வொரு சமூகத்துக்கும் இழப்புண்டு. ஒவ்வொரு சமூகமும் தன் இழப்பைத் துல்லியமாகவும் பிறர் இழப்பை மங்கலாகவும் நினைவு வைத்திருக்கின்றது. தன் ஊரின் துயரத்தை எழுத மாணவனுக்கு ஊக்கம் வேண்டியதில்லை. அது தானே பெருகி வரும். அயலூரின் துயரத்தை அதே துல்லியத்துடன் எழுதுவதற்கே பயிற்சி வேண்டும். தமிழ் மாணவனொருவன் கந்தளாய்க்குச் சென்று சிங்கள விவசாயியொருவரின் கூற்றைக் கேட்டு எழுதுவதும், கிண்ணியா மாணவியொருத்தி சம்பூர்ப் பெண்ணொருவரின் கூற்றைக் கேட்டு எழுதுவதும் போட்டியின் பகுதியாகுமாயின், வலயங்களுக்கிடையே நிகழும் போட்டி வலயங்களுக்கிடையே நிகழும் விசாரணையாகவும் அமையும்.

இவற்றையெல்லாம் நடைமுறைப்படுத்துதல் அரிதன்று. முதலாவதாக, செய்தியோடு மாணவனின் குறிப்புப் புத்தகமும் சமர்ப்பிக்கப்படல் வேண்டும். எங்குச் சென்றான், யாரிடம் எப்போது கேட்டான் என்பன அதிற் காணப்படுதல் வேண்டும். எழுத்துப் பிழைகளுக்கு அதிற் புள்ளி குறைத்தலாகாது. இரண்டாவதாக, இறுதிச் சுற்றுக்கு வந்த ஆக்கங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு செய்தியையேனும் நடுவர் தாமே சென்று சரிபார்த்தல் வேண்டும். நடுவர் நடக்காத போட்டியில் மாணவன் நடப்பான் என எதிர்பார்த்தல் நியாயமாகாது. மூன்றாவதாக, அறிய முயன்றும் அறியமுடியாதவை யாவை என்று எழுதும் பகுதிக்குத் தனிப் புள்ளி ஒதுக்கப்படல் வேண்டும். நான்காவதாக, ஓர் அலுவலகம் வாய்மொழியாகக் கூற மறுப்பதை எழுத்துமூலம் கேட்கும் வழியைப் பாடசாலை கற்பித்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்நாட்டுப் பிரசைகளுக்கு அவ்வழியைத் திறந்துள்ளது. ஆசிரியர் ஒருவர் தம் பெயரில் விண்ணப்பித்து, அதன் முறையை மாணவர்க்குக் காட்டலாம். ஐந்தாவதாக, எழுதப்பட்ட செய்தி அதிற் கூறப்பட்ட ஊராரிடம் வாசித்துக் காட்டப்படல் வேண்டும். பிழை சுட்டப்பட்டால் மாணவன் அதனைத் திருத்தி வெளியிடுவானாயின், அத்திருத்தம் பரிசிலுக்கு உரியதாகக் கொள்ளப்படல் வேண்டும்.

பரிசில் ஒரு முடிவாக அமையாது, தொடக்கமாக அமைதலும் நன்று. தமிழகத்தில் விகடன் நிறுவனத்தார் கல்லூரி மாணவரைத் தேர்ந்தெடுத்து, இதழாசிரியர்களின் வழிகாட்டலிற் களத்துக்கு அனுப்பும் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்தைப் பல்லாண்டுகளாக நடத்திவருகின்றனர். அங்கே தேர்வில் வெற்றி பெற்றவனுக்குக் கிடைப்பது வேலையும், தன் வேலையைத் திருத்துவோரின் துணையும் ஆகும். திருகோணமலைப் போட்டியில் வெல்லும் மாணவனுக்குக் கிண்ணம் ஒன்றைக் கொடுத்து அனுப்புவதற்குப் பதிலாக, அனுபவம் மிக்க பிரதேச நிருபர் ஒருவருடன் விடுமுறைக் காலத்திற் சில நாட்கள் நடந்து திரியும் வாய்ப்பை அளித்தால், அவன் பெறுவது பெரிதாகும். செய்தியை அனுப்பலாமா, இன்னொருவரைக் கேட்டபின் அனுப்பலாமா என்று அந்நிருபர் தயங்கும் கணத்தை அவன் அருகிருந்து காண்பான். அத்தயக்கத்தை எந்தப் பாடநூலும் கற்பித்தல் அரிது.

பல்கலைக்கழகத்தில் இருப்போராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. இப்போட்டிகளுக்கு நடுவராக அழைக்கப்படுவோர் நாமே. புள்ளித்தாளை வகுப்போரும் பல வேளைகளில் நாமே. பாடசாலை மாணவன் கிணற்றடிக்குச் செல்லாமல் எழுதுகின்றான் என்று குறை கூறுமுன், களத்துக்குச் செல்லாமல் முன்னைய ஆய்வேடுகளிலிருந்து புதிய ஆய்வேடுகளை ஆக்கும் பழக்கம் நம்மிடையே இல்லையா என்று கேட்டுக்கொள்ளல் தகும். அம்மாணவி செய்ததற்கும் அதற்கும் இடையே உள்ள வேறுபாடு அடிக்குறிப்புகளின் தொகை மட்டுமே.

கொட்டியாரக் கரையிலிருந்து வந்த அம்மாணவனின் தாள் இப்போது எங்குள்ளது என்பது தெரியவில்லை. போட்டி முடிந்தபின் தாள்கள் திருப்பி அளிக்கப்படுவதில்லை. 'ஆகவே அவர்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாது' என்ற அவனுடைய வாக்கியத்தைப் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. அன்று வந்த ஆக்கங்கள் அனைத்திலும், தான் அறிந்ததற்கும் அறியாததற்கும் இடையே ஒரு கோட்டைக் கீறிக் காட்டிய வாக்கியம் அது ஒன்றே. எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கக்கூடும் என்பதை அவன் ஒப்புக்கொண்டான். அதனைக் கேட்கச் சென்றான், மீண்டும் சென்றான், கிடைக்காதபோது இட்டுக்கட்டாமல் விட்டான். அதனருகே பென்சிலாற் குறிக்கப்பட்ட இரு சொற்களை இன்று அழித்தல் இயலாது. அடுத்த போட்டிக்கான புள்ளித்தாளை வகுக்கும்போது, முதலாவது தலைப்பாக எதனை எழுதவேண்டும் என்பதையேனும் அவ்வாக்கியம் கற்பித்திருக்கின்றது.